பறவை நாய்க்குட்டியின் முதல் ஆண்டு: எது முன்னே, எது பின்னே

புல்லுக்குள் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பத்தால் கண்டுபிடித்து, அதைக் கிளப்பாமல், ஆணி அடித்தாற்போல் நின்று காட்டும் நாய்கள் பாயிண்டிங் வகை. அப்படி நிற்பதுதான் பாயிண்ட். இங்கிலிஷ் பாயிண்டர், இங்கிலிஷ் செட்டர், ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயிண்டர், பிரிட்டனி, விஸ்லா ஆகியவை அமெரிக்காவில் பரவலாக வளர்க்கப்படுகின்றன. தெற்கே பாப்வைட் காடை, டகோட்டா சமவெளியில் கோழி அளவுள்ள ஃபெசன்ட், வடக்குக் காடுகளில் க்ரௌஸ் என்ற காட்டுப் பறவை என்று இடத்துக்கு ஏற்ப வேட்டை மாறும். குட்டியை வளர்க்கும் முறை பெரிதாக மாறாது. கீழே உள்ளதெல்லாம் அமெரிக்கச் சூழலுக்கு எழுதியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக் காடை, கௌதாரி எதையும் வேட்டையாடக் கூடாது. அங்கே லாப்ரடாரோ பாயிண்டரோ வளர்ப்பவர்களுக்குக் கூப்பிட்டால் வருவது, நிற்பது, எடுத்து வருவது பற்றிய பகுதிகள் மட்டும் அப்படியே பயன்படும்.

நல்ல வம்சத்தில் பிறந்த குட்டிக்கு மோப்பமும் பாயிண்டும் பிறவியிலேயே இருக்கும். அவற்றை யாரும் ஊட்ட முடியாது, கெடுக்க மட்டும் முடியும். முதல் ஆண்டின் வேலை பறவைமேல் குட்டிக்கு இருக்கும் வெறியை வளர்ப்பது. அடக்கத்தை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். முதலில் நிலம், அடுத்து பறவை, பறவையோடு சேர்த்துத் துப்பாக்கிச் சத்தம், அதற்கும் பிறகே பறவை முன்னால் கட்டளை. இந்த வரிசையைப் புரட்டியதால் வீணான நாய்கள் ஏராளம்.

பிறந்த மாதத்தைப் பாருங்கள்

பெரும்பாலான மாநிலங்களில் பறவை வேட்டைக் காலம் செப்டம்பர், அக்டோபரில் தொடங்கும். மார்ச்சில் பிறந்த குட்டி அப்போது ஆறேழு மாதக் குழந்தை. அந்தப் பருவத்தில் அதற்குக் காட்டுப் பறவையைக் காட்டினால் போதும், எதையும் எதிர்பார்க்கக் கூடாது. செப்டம்பரில் பிறந்த குட்டிக்கு முதல் வேட்டைக் காலம் வரும்போது வயது ஒன்று நிறைந்திருக்கும், பயிற்சிக்கு முழு ஆண்டும் கையில் இருக்கும். ஆகவே கீழே சொல்லும் மாதக் கணக்கைவிடக் குட்டியின் துணிவையே அளவாக வையுங்கள். செட்டர்கள் பொதுவாகத் தாமதமாக முதிரும். ஷார்ட்ஹேர்ட் குட்டிகளில் பல சீக்கிரமே வேலைக்குத் தயாராகிவிடும்.

வாங்கி வைக்க வேண்டியவை

ஒரு அங்குல அகலமுள்ள பட்டை. பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த பித்தளைத் தகட்டை அதில் ஆணியடித்துப் பதித்துவிடுங்கள். தொங்கும் வில்லை முள்செடியில் மாட்டும். ஆறடி வார் ஒன்று. 20 முதல் 30 அடி நீளக் கயிறு ஒன்று, இதைத்தான் செக் கார்ட் என்பார்கள். கயிறு கொஞ்சம் விறைப்பாக இருந்தால் காலைச் சுற்றாது. முனையில் முடிச்சோ கைப்பிடி வளையமோ வேண்டாம், புதரில் சிக்கிக் குட்டியைச் சுண்டி இழுத்துவிடும். ஓடும் கயிறு உள்ளங்கையைக் கிழிக்கும் என்பதால் தோல் கையுறை கட்டாயம். இவற்றோடு படுக்கக் கூண்டு, விசில், கான்வாஸில் செய்த சிறிய எறிபொருள் இரண்டு. பிறகு நான்கைந்து ஹோமர் புறாக்கள்: பறக்கவிட்டால் தானாகக் கூட்டுக்குத் திரும்பிவிடும், ஒரே புறாவைப் பல மாதம் பயன்படுத்தலாம்.

கட்டளைச் சொற்களை முதல் நாளே முடிவு செய்யுங்கள். நிற்கச் சொல்ல அமெரிக்கர்கள் பயன்படுத்தும் சொல் 'வோ'. 'நோ' என்பதும் குட்டியின் காதுக்குக் கிட்டத்தட்ட அதே ஒலிதான். நாள் முழுக்க வீட்டில் 'நோ, நோ' என்று கேட்ட குட்டிக்கு 'வோ' செத்த சொல்லாகிவிடும். அதட்ட வேறு ஒலியை வைத்துக்கொள்ளுங்கள். ஜோ, போ, மோ போன்ற பெயர்களையும் தவிர்த்துவிடுங்கள். தமிழிலேயே 'நில்', 'வா' என்று பழக்கினாலும் குறையில்லை, ஆனால் வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும்.

8 முதல் 16 வாரம்: உலகம் பயமற்றது

மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்கு வாரம்வரை குட்டியின் மனம் புதியதை எளிதில் ஏற்கும். அந்த வாசல் மூடிய பிறகு அதே வேலைக்குப் பலமடங்கு உழைப்பு தேவைப்படும். பார்வோ என்ற தொற்றுநோய்க்கான தடுப்பூசி வரிசை பதினாறு வாரம் அளவில் முடியும்வரை பல நாய்கள் வந்துபோகும் பூங்காக்களுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் தவறு. நாய் நடமாட்டம் குறைந்த வயல், தோப்பு, ஆழமில்லாத ஓடை, கார்ப் பயணம், சரளைக்கல், விழுந்து கிடக்கும் மரம் எல்லாம் இந்த வயதிலேயே காலுக்குப் பழக வேண்டும்.

கூண்டில் அடைக்கும் நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம், அதுவே உச்சம். எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போனால் வீட்டை அசுத்தம் செய்யும் பழக்கம் சில வாரங்களில் நின்றுவிடும்.

வயல் நடை ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம். காற்றை எதிர்த்து நடங்கள். மோப்பம் குட்டியின் முகத்துக்கு வரும். வாயை மூடிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுபவரின் குட்டி அவரைத் தேடவே தேடாது, அவர் எங்கே என்பதுதான் அதற்கு எப்போதும் தெரியுமே. குட்டி முன்னால் ஓடும்போது சத்தமின்றி வேறு திசைக்குத் திரும்பி நடங்கள். திரும்பிப் பார்த்துத் தேடி ஓடி வரும். சில நாட்களில் ஓடும்போதே அரைக் கண்ணை உங்கள்மேல் வைக்கப் பழகிவிடும். பின்னாளில் வேட்டை நாய்த் தேர்வுகளில் ஒத்துழைப்பு என்று நடுவர்கள் மதிப்பெண் போடுவது இதற்குத்தான்.

கூப்பிட்டால் வரும் பழக்கம் வீட்டு நடைபாதையில் தொடங்கட்டும். ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் கூப்பிட, வந்ததும் ஒரு துண்டு இறைச்சி. வயலில் பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை தட்டிக்கொடுத்துத் திரும்ப ஓட விடுங்கள். வார் மாட்டி வீட்டுக்கு இழுத்துப்போக மட்டும் கூப்பிட்டால், கூப்பிடுவது ஆட்டத்தின் முடிவு என்று குட்டி கணக்குப் போட்டுவிடும். தப்புச் செய்த குட்டியைக் கூப்பிட்டு வரவழைத்து ஒருபோதும் தண்டிக்காதீர்கள்.

மீன்பிடி கழியின் நுனியில் காடை இறக்கை கட்டி ஆட்டினால் எட்டு வாரக் குட்டியும் பாயிண்ட் நிற்கும். படம் எடுக்க நன்றாக இருக்கும், பயிற்சிக்கு உதவாது. குட்டி அங்கே கண்ணால் நிற்கிறது, நமக்கு வேண்டியது மூக்கு. இரண்டு மூன்று தடவையோடு நிறுத்திவிடுங்கள்.

முதல் பறவை

பத்து, பன்னிரண்டு வாரத்தில் உயிருள்ள காடை ஒன்றைக் கணுக்கால் உயரப் புல்லில் வைத்துக் குட்டியே கண்டுபிடிக்க விடலாம். முதல் பறவை சிறியதாக இருக்க வேண்டும். சேவல் ஃபெசன்ட் முகத்தில் இறக்கையால் அறைந்து, காலின் முள்ளால் கீறினால் மென்மையான குட்டி பறவையை நினைத்தாலே வாலைத் தாழ்த்தும். கிளப்பட்டும், துரத்தட்டும். இந்த வயதில் ஒன்றிரண்டைப் பிடித்தாலும் துணிச்சல் கூடும். எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள்.

நான்காம் மாதத்திலிருந்து பிடிக்க விடக் கூடாது. பிடிக்க முடியும் என்று தெரிந்த குட்டி பாயிண்டில் நிற்காமல் பூனை நடை நடந்து நெருங்கும். பண்ணையில் நெருக்கமாக வளர்த்த, நாலடி பறந்து விழும் காடைகளால் வரும் வினை இது. நன்றாகப் பறக்கும் புறாதான் இங்கே ஆசான். காட்டுப் பறவை கூடுகட்டும் வசந்த காலத்தில் அவற்றின்மீது நாயைப் பழக்கப் பல மாநிலங்களில் தடை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

புறாவை எறியும் இயந்திரமான லாஞ்சரை ரிமோட்டில் இயக்குவார்கள். முறை இது:

1. புறாவை லாஞ்சரில் வைத்துப் புல்லால் லேசாக மூடுங்கள். கொஞ்ச நேரம் விட்டால் வாசம் பரவும்.
2. குட்டியைச் செக் கார்டில், காற்று குறுக்காக வீசும் திசையில் நடத்துங்கள். நேர் எதிர்க் காற்றில் கொண்டுபோனால் வாசம் மெல்ல மெல்லக் கூடிக் குட்டி நெருங்கிக்கொண்டே போகும். குறுக்கே போனால் வாசம் சட்டென்று மூக்கில் அடிக்கும், தலை வெட்டித் திரும்பும், பாயிண்டும் அங்கேயே விழும்.
3. குட்டி நின்றால் நீங்களும் நில்லுங்கள். பேச்சு வேண்டாம், கயிற்றை இழுக்கவும் வேண்டாம்.
4. ஒரு அடி முன்னே வைத்த கணமே புறாவை எறியுங்கள். துரத்தட்டும்.
5. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று பறவை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்.

நான் அசைந்தால் அது பறந்துவிடும் என்ற பாடத்தைப் பறவையே சொல்லித்தருகிறது. மனிதக் குரல் நுழைந்தால் குட்டியின் கவனம் பறவையை விட்டு நம்மேல் வரும். பாயிண்டில் நிற்கும் குட்டியிடம் 'வோ, வோ' என்று மந்திரம் ஓதுவது மிகப் பரவலான தவறு.

லாஞ்சரில் ஓர் ஆபத்து இருக்கிறது. மூக்கருகே அது படாரென்று திறந்தால் பயந்த குட்டி, அடுத்த முறை வாசம் வந்ததும் தெரியாததுபோல் திரும்பி நடக்கும். பறவையைத் தவிர்க்கும் இந்தப் பழக்கம்தான் இருப்பதிலேயே தீர்க்கக் கடினமானது. எனவே முதல் சில எறிதல்கள் 60 அடிக்கு அப்பால் நடக்கட்டும். இருபதடிக்குள் குட்டி புகுந்துவிட்டால் பொத்தானை அழுத்தாமல் குட்டியைக் கயிற்றோடு அழைத்துப் போய்விடுங்கள்.

லாஞ்சர் இல்லாவிட்டாலும் வழி உண்டு. புறாவின் தலையை இறக்கைக்குள் செருகிச் சிலமுறை மெல்லச் சுழற்றி, தலை இருக்கும் பக்கம் கீழே வருமாறு புல்லில் படுக்கவைத்தால் சில நிமிடம் அப்படியே கிடக்கும்.

துப்பாக்கிச் சத்தம்

வெடிக்குப் பயந்து பிறக்கும் நாய் அபூர்வம். பெரும்பாலும் மனிதர்களே அப்படி ஆக்கிவிடுகிறார்கள். அதற்கு மூன்று வழிகள் பிரசித்தம்: 'பழகட்டும்' என்று குட்டியைச் சுடும் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப்போவது, அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 வாணவேடிக்கைக்கு வெளியே கட்டிவைப்பது, சாப்பிடும்போது பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பது. குட்டி எங்கிருந்து என்று தெரியாத சத்தத்தைக் கேட்கிறது, அந்த நேரத்தில் அதன் மனத்தைப் பிடித்துவைக்க வேறு எதுவும் இல்லை. பயம் உடனே பதிகிறது. அதை மாற்றப் பல மாதம் ஆகும், சில நாய்களில் மாறுவதே இல்லை.

சரியான முறையில் சத்தம் எப்போதும் பறவையோடு ஒட்டி வரும். குட்டி பறவையை வெறியோடு துரத்தத் தொடங்கிய பிறகே ஆரம்பியுங்கள். பலவற்றுக்கு அது நான்கு முதல் ஆறு மாதம். உதவியாளர் ஒருவர் 300 அடி தள்ளி, குண்டில்லாமல் சத்தம் மட்டும் எழுப்பும் .22 வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். வெற்றுத் தோட்டாவிலும் மென்மையான வகையைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சிக்கு விற்கும் இன்னொரு வகையான 209 ப்ரைமர் கைத்துப்பாக்கி அதைவிட உரக்க வெடிக்கும். புறா பறக்கிறது, குட்டி முழு வேகத்தில் துரத்துகிறது, அந்த நொடியில் ஒரே ஒரு வெடி. அன்றைக்கு அவ்வளவுதான்.

நீங்கள் புறாவைப் பார்க்காதீர்கள், குட்டியைப் பாருங்கள். காது லேசாகத் துடித்து ஓட்டம் தொடர்ந்தால் நல்லது. ஓட்டத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாலோ, வால் தாழ்ந்தாலோ, உங்கள் காலடிக்கு வந்தாலோ துப்பாக்கியைப் பெட்டியில் வையுங்கள். தட்டிக்கொடுத்து ஆறுதல் சொல்ல வேண்டாம், எதுவும் நடக்காததுபோல் நடங்கள். அடுத்த நாலைந்து நாள் வெடியில்லாமல் பறவை மட்டும். பிறகு இன்னும் தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

எல்லாம் சரியென்றால் ஒவ்வொரு அமர்விலும் 225, 150, 75 அடி என்று நெருங்கலாம். அதன் பிறகு 20 கேஜ் ஷாட்கன், மறுபடி 300 அடியிலிருந்து. மொத்தத்துக்கும் மூன்று நான்கு வாரம் ஒதுக்குங்கள். வேட்டைக் காலம் நெருங்கிவிட்டதென்று இரண்டு படியை ஒன்றாக்காதீர்கள்.

எடுத்து வருதல்

இரு பக்கமும் கதவு மூடிய நடைபாதையில், குட்டியின் படுக்கை இருக்கும் முனையில் நீங்கள் உட்காருங்கள். பெயிண்ட் உருளையின் மேலுறை அல்லது சுருட்டிய காலுறையை ஐந்தாறு அடி எறியுங்கள். எடுத்த குட்டி படுக்கைக்குத்தான் திரும்பும், வழியில் நீங்கள் இருப்பீர்கள். வந்ததும் வாயிலிருப்பதைப் பிடுங்காமல் நெஞ்சையும் முதுகையும் அரை நிமிடம் தடவுங்கள், பிறகு வாங்குங்கள். உடனே பிடுங்கினால் அடுத்த முறை தூரத்தில் நின்று விளையாட்டுக் காட்டும். மூன்று எறிதலோடு, இன்னும் வேண்டும் என்று அது கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். நான்கிலிருந்து ஆறு மாதம்வரை பால்பற்கள் விழுந்து புதிய பல் முளைக்கும். ஈறு வலிக்கும் அந்தக் காலத்தில் எறிதலை நிறுத்திவைப்பது மேல். கயிறு இழுக்கும் விளையாட்டு என்றைக்குமே வேண்டாம், பறவையை நசுக்கும் வாயாகிவிடும்.

தண்ணீருக்கு வெயில் நாளில், சாய்வான கரையில், நீங்களும் முழங்கால்வரை இறங்கி அழைத்துச் செல்லுங்கள். தூக்கி எறிந்தால் அந்தக் குட்டி தண்ணீரையும் நம்பாது, உங்களையும் நம்பாது.

5 முதல் 8 மாதம்: 'வோ'

இரண்டடிக்கு நான்கடிப் பலகை ஒன்றைத் தரையில் போடுங்கள். குட்டியை வாரில் அதன்மேல் நடத்தி, நான்கு காலும் ஏறியதும் நிறுத்துங்கள். முதல் நாட்களில் சொல்லே வேண்டாம். கால் கீழே வைத்தால் கோபமில்லாமல் தூக்கி அதே இடத்தில் திரும்ப வையுங்கள். ஐந்து நொடி, பத்து, முப்பது. பிறகு நீங்கள் சுற்றி நடந்தாலும் நிற்க வேண்டும். தானாக நிற்கும் நிலை வந்த பின்பே, நிற்கும்போது 'வோ' என்ற சொல்லைச் சேருங்கள். தினமும் ஐந்து நிமிடம், அதற்கு மேல் போனால் வால் சோர்ந்துவிடும்.

அடுத்த படி பலகை இல்லாத தரை, அதற்கடுத்து செக் கார்டில் நடக்கும்போது நிறுத்துவது, கடைசியாகப் பையிலிருந்து புறாவை எடுத்துப் பறக்கவிட்டாலும் நிற்பது. கயிறு கையில் இல்லாதபோது 'வோ' சொல்லாதீர்கள். மீற முடியும் என்று ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும். ஒருமுறைக்கு மேலும் சொல்லாதீர்கள். மறைந்திருக்கும் பறவை அருகே இந்தச் சொல்லைக் கொண்டுபோவது முற்றத்தில் பிசகே இல்லாமல் ஆன பிறகுதான்.

ரிமோட் பொத்தானை அழுத்தினால் கழுத்தில் லேசான மின்னதிர்வு தரும் எலக்ட்ரானிக் காலரைப் பயன்படுத்துவதானால் ஏழெட்டு மாதத்துக்கு முன் வேண்டாம், அதுவும் குட்டிக்கு ஏற்கனவே தெரிந்த 'வா' என்ற கட்டளைக்கு மட்டும். இரண்டு வாரம் அணைத்த நிலையிலேயே கழுத்தில் இருக்கட்டும். பிறகு காது மட்டும் அசையும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்து, கயிற்றை லேசாக இழுப்பதோடு சேர்த்து அழுத்துங்கள். பறவை வாசம் மூக்கில் இருக்கும்போது பொத்தானைத் தொட்டால் பறவைதான் வலி தந்தது என்றே குட்டி நினைக்கும், லாஞ்சரில் சொன்ன அதே தவிர்ப்பு நோய் வந்துசேரும்.

முதல் வேட்டைக் காலம்

ஒரு நண்பர் போதும்: அவர் சுடட்டும், நீங்கள் குட்டியைக் கவனியுங்கள். ஐந்தாறு துப்பாக்கிகள் வரிசையாக நடக்கும் ஃபெசன்ட் வேட்டைக்கு முதல் வருடக் குட்டியைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே வெடியும் கூச்சலும் பல வாரப் பொறுமையை ஒரே காலையில் அழித்துவிடும். அனுபவமுள்ள பெரிய நாயோடு எப்போதும் விட்டாலும் குட்டி பறவையைத் தேடாது, அதன் வாலைத்தான் தொடரும்.

பாயிண்ட் கொடுத்த பறவையை மட்டும் சுடுங்கள். தானாகக் கிளப்பித் துரத்திய பறவை போகட்டும், அதட்டவும் வேண்டாம். 30, 40 நிமிடம் வேட்டை, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். காலம் தொடங்கும் சூடான நாட்களில் வெப்பத்தால் நாய்கள் சாகின்றன. நாக்கு அகன்று நீண்டு, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்கிப்போய் நீரால் நனையுங்கள். திரும்பியதும் கண், காது, விரலிடுக்கு, அக்குள் எல்லாவற்றிலும் புல் முள்ளைத் தேடி எடுங்கள். தோலுக்குள் புகுந்த முள் உள்ளே நகர்ந்து சீழ் கட்டும்.

எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடும்வரை, அதாவது ஒன்றேகால் வயது அளவுவரை, சைக்கிளோடு தார்ச்சாலையில் ஓடவிடுவதைத் தவிருங்கள். வயலில் தன் இஷ்டத்துக்கு ஓடுவதில் கெடுதல் இல்லை.

ஒரு வயதில்

நாய் காற்றைப் பயன்படுத்தித் தேட வேண்டும், பறவையைக் கண்டால் பாயிண்டில் நிற்க வேண்டும், வெடிக்கு அஞ்சக் கூடாது, கூப்பிட்டால் வர வேண்டும், நீந்த வேண்டும். பறவை பறந்து, சுட்டு, விழும்வரை அசையாமல் நிற்பது, மற்ற நாயின் பாயிண்டை மதித்து நிற்பது, முறையான எடுத்துவரும் பயிற்சி எல்லாம் இரண்டாம் ஆண்டு வேலை.

வெளியார் கண்ணால் அளந்து பார்க்க விரும்பினால் இரண்டு வழிகள் உண்டு. 1969இல் தொடங்கிய நாவ்டா என்ற வட அமெரிக்க வேட்டை நாய் அமைப்பின் இயல்புத் திறன் தேர்வு 16 மாதம்வரை உள்ள நாய்களுக்கானது. மூக்கு, தேடல், தண்ணீர், பாயிண்ட், தடம் தொடர்தல், ஆர்வம், ஒத்துழைப்பு ஆகியவற்றுக்கு மொத்தம் 112 மதிப்பெண். அமெரிக்கன் கென்னல் கிளப்பின் ஜூனியர் ஹண்டர் தேர்வில் ஆறு மாதத்திலிருந்து கலந்துகொள்ளலாம். அங்கே பறவை பறந்த பிறகு நாய் துரத்தினாலும் குற்றமில்லை.

ஒரு வயதாகியும் பாயிண்ட் வராத குட்டிகளும் உண்டு, செட்டர்களில் கூடுதலாகவே. அதற்குக் கட்டளையைக் கூட்டாதீர்கள், காட்டுப் பறவையைக் கூட்டுங்கள். கிளப்பிக் கிளப்பித் துரத்தி ஒன்றையும் பிடிக்க முடியாமல் சலித்த பிறகு பல நாய்கள் பதினான்காம், பதினைந்தாம் மாதத்தில் தாமாக நிற்கத் தொடங்குகின்றன. பறவை வாசம் வந்தால் விலகிப் போகாத நாய்க்குத் துணிந்து இன்னொரு வேட்டைக் காலம் கொடுக்கலாம்.